எரிமலைச் சாம்பலில் வளர்ந்த பனிமலைக் காடு



மண்ணோடு பழகியவர்கள் நாம். பால்மரத்தின் அடியிலும் செம்பனையின் அடியிலும் இருக்கும் செம்மண் நம் காலிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடும். அந்த மண் இங்கேயே உள்ள பாறை, வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்து மக்கியதால் உண்டானது. ஆனால், எல்லா மண்ணும் இருந்த இடத்திலேயே பிறப்பதில்லை. வானத்திலிருந்து விழுந்த மண்ணும் உண்டு. அப்படி விழுந்த மண்ணின்மேல் நிற்கும் ஒரு குளிர்நாட்டுக் காட்டைப் பற்றி இன்று பார்ப்போம்.

அந்தக் காடு அமெரிக்காவின் வடமேற்கில், ஐடஹோ மாநிலத்தின் வடகோடியில் இருக்கிறது. செல்கர்க் என்பது அங்குள்ள மலைத்தொடரின் பெயர். குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பனி கொட்டும் இடம் அது. சிவப்புச் சீடார், ஹெம்லாக், வெள்ளைப் பைன் முதலிய ஊசியிலை மரங்கள் அங்கே நெருக்கமாக வளர்கின்றன. சிவப்புச் சீடார் மரங்களில் சில 1,000 ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடு நிற்பவை.

இந்தக் காட்டில் ஒரு வியப்பு இருக்கிறது. அங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தாலும், பள்ளத்தாக்குப் பகுதிகளில் சுமார் 800 மில்லிமீட்டர்தான் தேறும். நம் நாட்டில் பல இடங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அந்தச் சிறு அளவிலும் பெரும்பகுதி குளிர்காலத்துப் பனியாக வந்துவிடுகிறது. மரம் வளரவேண்டிய ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானம் வறண்டு கிடக்கும். அப்படியிருந்தும் இவ்வளவு பெரிய மரங்கள் எப்படி வளர்ந்தன? கோடையில் அவற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது யார்?

இதற்கு விடை காண, இரண்டு பழைய கதைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று பனிக்கட்டியின் கதை. மற்றொன்று நெருப்பின் கதை.

பனிக்கட்டியின் கதையை முதலில் பார்ப்போம். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு கனடாவிலிருந்து தெற்கு நோக்கி நகர்ந்து வந்த பெரும் பனிப்பாளம் ஒன்று இந்தப் பள்ளத்தாக்குகளை நிரப்பிக் கிடந்தது. அதன் கனம் பல நூறு மீட்டர். பனிக்கட்டி அசையாமல் கிடப்பது என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அவ்வளவு கனமுள்ள பனிக்கட்டி தன் பாரத்தாலேயே மெல்ல மெல்ல நகரும். நகரும்போது மலையைச் சுரண்டும், பாறையை உடைக்கும், உடைத்ததை அரைக்கும். பிறகு பருவநிலை வெப்பமடைந்து பனிக்கட்டி உருகியபோது, அரைத்த மாவு, மணல், கூழாங்கல், பாறைத்துண்டு எல்லாவற்றையும் கலந்தபடியே போட்டுவிட்டுப் போய்விட்டது. பனிக்கட்டியின் பாரத்தில் நசுங்கியதால் இந்தக் கலவை பல இடங்களில் சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடக்கிறது. வேர் அதற்குள் எளிதில் இறங்க முடியாது. தண்ணீரும் இறங்காது. அந்த மலைகளில் இது மட்டுமே இருந்திருந்தால், நாம் சொன்ன காடு இவ்வளவு செழிப்பாக வளர்ந்திருக்காது.

இனி நெருப்பின் கதை. இந்தக் காட்டிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில், ஆரிகன் மாநிலத்தில், மசாமா என்று இன்று அழைக்கப்படும் எரிமலை ஒன்று இருந்தது. அதன் உயரம் சுமார் 3,700 மீட்டர். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு அது வெடித்தது. ஏறக்குறைய 50 கன கிலோமீட்டர் அளவுள்ள பாறைக்குழம்பு வெளியே வந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியேறியதும் தாங்குவதற்கு எதுவுமில்லாமல் மலையின் உச்சி உள்ளே சரிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் மழைநீரும் பனிநீரும் தேங்கி இன்று ஓர் ஏரியாக இருக்கிறது. கிரேட்டர் லேக் என்பது அதன் பெயர். ஆழம் 594 மீட்டர். நம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர்தான். அந்தக் கோபுரத்தை அந்த ஏரிக்குள் நிறுத்தினால் உச்சிகூட வெளியே தெரியாது.

இந்த வெடிப்பு நடந்த காலத்தில் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். 1938-ஆம் ஆண்டில் லூதர் கிரெஸ்மன் என்ற ஆய்வாளர், ஆரிகனில் உள்ள ஃபோர்ட் ராக் குகையைத் தோண்டினார். மசாமாச் சாம்பல் படிந்திருந்த அடுக்குக்குக் கீழே, செடியின் பட்டையால் பின்னிய காலணிகள் பல கிடைத்தன. அவை 9,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அந்த வட்டாரத்தின் பழங்குடிகளான கிளாமத் மக்கள், மேலுலகத் தலைவனுக்கும் கீழுலகத் தலைவனுக்கும் நடந்த போரில் மலை இடிந்து விழுந்ததாக இன்றும் கதை சொல்கிறார்கள்.

மலை உமிழ்ந்த சாம்பல் காற்றில் ஏறி வடகிழக்காகப் போனது. இன்றைய அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் மூன்று மாநிலங்களிலும் அது விழுந்திருக்கிறது. தூரத்துக் கிரீன்லாந்துப் பனிக்கட்டிக்குள்ளும் அதன் துகள்கள் அகப்பட்டிருக்கின்றன. செல்கர்க் மலைகளில் பனிக்கட்டி உருகிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆனபின், அது விட்டுச்சென்ற இறுகிய தரையின்மேல் இந்தச் சாம்பல் போர்வைபோல் படிந்தது.

சாம்பல் என்றதும் நம் வீட்டு அடுப்புச் சாம்பலை நினைத்துவிடக் கூடாது. அடுப்புச் சாம்பல் விறகு எரிந்து மிஞ்சியது. எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து உண்டானதல்ல. அது பாறைத் தூள். பூமிக்குள் இருக்கும் பாறைக்குழம்பில் வாயுக்கள் கரைந்திருக்கும். சோடாப் புட்டியின் மூடியைத் திறந்ததும் நுரை பொங்குவதுபோல, அழுத்தம் நீங்கியதும் குழம்பு நுரைத்துச் சிதறுகிறது. சிதறிய துளிகள் காற்றிலேயே சட்டென்று குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிச் சில்லுகளாகிவிடுகின்றன. இவற்றில் பலவற்றில் நுரையின் ஓட்டைகள் அப்படியே இருக்கும்.

மரங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது இந்தக் கண்ணாடித் தூள்தான். மழையும் பனிநீரும் பட்டுப்பட்டு, கண்ணாடி மெல்லக் கரைகிறது. அதிலிருந்து வரும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து, மிக மிக நுண்ணிய, உள்ளீடற்ற கனிமங்களாக மாறுகின்றன. அல்லோஃபேன் என்றும் இமோகோலைட் என்றும் அவற்றுக்குப் பெயர். ஒன்று நுண்ணிய உருண்டை. மற்றொன்று நுண்ணிய குழாய். இவை தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கின்றன. குளிர்நாட்டில் இந்த மாற்றம் மெதுவாகவே நடக்கும். அதனால்தான் 7,700 ஆண்டுகள் ஆகியும் அந்த மண்ணில் பாதி மாறாத கண்ணாடித் துகள்களை இன்றும் பார்க்க முடிகிறது.

இந்த மண் மிகவும் இலேசானது. சாதாரண மண்ணில் ஒரு லிட்டர் அளவை உலர்த்தி நிறுத்தால் 1.3 கிலோ அளவில் இருக்கும். சாம்பல் மண் 0.9 கிலோவுக்கும் குறைவு. மீதி இடமெல்லாம் காற்றும் தண்ணீரும் தங்கும் துளைகள். காய்ந்த நிலையில் விரலால் தேய்த்தால் மாவுபோல் இருக்கும். ஈரமாக இருக்கும்போது அழுத்தினால், முதலில் கெட்டியாகத் தோன்றி, பிறகு திடீரென்று குழைந்து வழுக்கும்.

வசந்த காலத்தில் பனி உருகும்போது, அந்தத் தண்ணீரை இந்தப் போர்வை குடித்துக்கொள்கிறது. கோடையில் மரங்கள் அதையே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வாழ்கின்றன. வேர்களில் பெரும்பகுதி இந்தப் போர்வைக்குள்தான் பரவியிருக்கிறது. போர்வையின் கனம் பெரும்பாலான இடங்களில் ஒரு முழத்தை ஒட்டியே இருக்கும். சில இடங்களில் அதைவிடக் குறைவு. வெயில் படும் தெற்குச் சரிவுகளில் காடு அடர்த்தியாக இல்லாததால், காற்றும் மழையும் சாம்பலைக் கொண்டுபோய்விட்டன. நிழலான வடக்குச் சரிவுகளில் காடு அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. மண் காட்டை வளர்த்தது. காடு மண்ணைக் காத்தது.

இந்த மண்ணுக்கு ஒரு குறையும் உண்டு. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸை இது இறுகப் பற்றிக்கொண்டு, செடிக்கு எளிதில் விடுவதில்லை. இது நமக்குப் புதிய செய்தியல்ல. நம் தோட்டத்துச் செம்மண்ணிலும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் இளங்கன்றுகளுக்குப் பாறைப் பாஸ்பேட் உரம் போடுகிறோம்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். 20-ஆம் நூற்றாண்டில் அந்தக் காடுகளில் மரம் வெட்டும் தொழில் பெருகியது. வெட்டிய மரங்களை இழுத்துவரக் கனமான இயந்திரங்கள் மலையேறின. இலேசான மண்ணின்மேல் பாரம் ஏறினால் என்ன ஆகும்? துளைகள் நசுங்கும். அதிலும் முதல் சில தடவை இயந்திரம் போய்வரும்போதே பெரும்பாலான சேதம் நடந்துவிடுகிறது. நசுங்கிய மண்ணில் காற்றோட்டம் இல்லை, வேர் ஓடுவதில்லை. மறுபடி பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். சில இடங்களில் புல்டோசர் கொண்டு தரையை வழித்துச் சுத்தம் செய்தார்கள். வழித்ததோடு போர்வையும் போயிற்று. கீழே இருந்த பனிக்கட்டிக் காலத்துக் கெட்டித் தரை வெளியே வந்துவிட்டது.

ஐடஹோவின் நடுப்பகுதிக்கு வடக்கே உள்ள உயரமான காடுகளில் வேறொரு துன்பம் ஏற்பட்டது. மரங்களை முழுவதும் வெட்டிய சில இடங்களில் பெரணிச் செடி மண்டிவிட்டது. நம் பக்கத்தில் காடு அழிந்த இடத்தில் லாலாங் புல் பிடித்துக்கொள்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். நட்ட கன்றுகள் தலையெடுக்கவில்லை. பெரணி நிழலால் அமுக்கியது. மண்ணுக்குள் வாழும் கோஃபர் என்ற எலியினப் பிராணி வேரைக் கடித்தது. ஆய்வாளர்கள் மண்ணைச் சோதித்தபோது, மண்ணே மாறியிருந்தது தெரியவந்தது. பெரணி மண்டிய இடத்தில் மண் அதிகப் புளிப்பாகியிருந்தது. நாம் முன்பு சொன்ன நுண்ணிய கனிமங்கள் குறைந்து, அலுமினியம் மக்கிய பொருளோடு பிணைந்திருந்தது. வெட்டி 30 ஆண்டுகள் ஆகியும் காடு திரும்பாத இடங்கள் உண்டு.

அவ்வூரார் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்க வனத்துறை 1911-ஆம் ஆண்டிலேயே அந்த வட்டாரத்தில் பிரீஸ்ட் ரிவர் ஆய்வுக்காட்டை ஏற்படுத்தியிருந்தது. மண் நசுங்குவதாலும் மேல்மக்கை நீக்குவதாலும் காடு என்ன ஆகிறது என்று நெடுங்காலம் கண்காணிக்கும் ஆராய்ச்சியை 1989-இல் அது தொடங்கியது. 2005-ஆம் ஆண்டில் சாம்பல் மண்ணுக்காகவே ஒரு கருத்தரங்கு அங்கே நடந்தது. இயந்திரங்கள் காடெங்கும் ஓடாமல் குறித்த பாதையில் மட்டும் ஓடவேண்டும். வெட்டிய கிளைகளைப் பாதையில் பரப்பி அதன்மேல் ஓட்டவேண்டும். முடிந்தால் தரையைப் பனி மூடியிருக்கும் காலத்தில் வேலையை வைத்துக்கொள்ளவேண்டும். மக்கும் கட்டைகளைக் காட்டிலேயே விடவேண்டும் என்ற முறைகள் கையாளப்படுகின்றன.

இத்தனை கவனம் ஏன் என்று கேட்கலாம். உரம் தீர்ந்தால் வேறு உரம் வாங்கலாம். இந்தப் போர்வை தீர்ந்தால் வாங்க இடமில்லை. 1980-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி அதே மலைவரிசையைச் சேர்ந்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்து 57 பேர் மாண்டார்கள். அதன் சாம்பலும் ஐடஹோ வரை வந்து விழுந்தது. ஆனால், மசாமா தந்த போர்வையோடு ஒப்பிட்டால் அது ஒரு மெல்லிய பூச்சுத்தான்.

நம் நாட்டுக்கும் எரிமலைச் சாம்பல் வந்ததுண்டு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது கிளம்பிய சாம்பல், பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கிறது. ஆனால், நம் வெப்பத்திலும் கனமழையிலும் அத்தகைய சாம்பல் அங்கங்கே திட்டுத்திட்டாகவே எஞ்சியிருக்கிறது. மலைமலையாகப் போர்த்திக் கிடக்கவில்லை. நம் மரங்களைத் தாங்குவது வேறு மண். ஆயினும் மேல்மண் நசுங்கினால் வேர் திணறும் என்பது எல்லா மண்ணுக்கும் பொது. செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கிடையே அடுக்குவதும் மண்ணை மூடிக் காப்பதற்குத்தான்.

பிள்ளைகள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பால் டின்களை எடுத்து, இரு பக்கமும் மூடியைப் பெரியவர்களைக் கொண்டு வெட்டிவிடுங்கள். ஒன்றை டிராக்டர் ஓடும் பாதை ஓரத்திலும், மற்றொன்றை மட்டை மக்கிய மண்ணிலும் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு அழுத்தி நிறுத்துங்கள். இரண்டிலும் ஒரே குவளையால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எதில் முதலில் வடிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செல்கர்க் மலைக்காட்டில் ஆராய்ச்சியாளர்கள் எதைக் கண்டு கவலைப்பட்டார்கள் என்பது அந்த இரண்டு டின்களிலும் தெரிந்துவிடும்.