வான்கோழி கைமாவும் கால் டீஸ்பூன் சோடாவும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அலுவலகம் முடிந்து வந்து அரை மணி நேரத்தில் சமைத்தாக வேண்டும். அதனால் வான்கோழி கைமாவை வதக்கி, காய்கறியோடு சோற்றின் மேல் போட்டு, கிண்ணத்தில் வைத்துச் சாப்பிட்டுவிடுகிறோம். இங்கே பல வீடுகளில் இதுதான் இரவுச் சாப்பாடு. ஆனால் வாணலியில் போட்ட உடனே கறி தண்ணீர் விட்டுக்கொள்கிறது. வதங்காமல் அவிந்துபோகிறது. சாம்பல் நிறத்தில் விறைத்துவிடுகிறது. உடம்புக்கு நல்லது என்கிறார்களே, அதற்காக இதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டுமா?”

வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் ஏன் வெளியே வருகிறது என்பது இறைச்சி அறிவியலில் மிக அழகான பகுதி. அது புரிந்துவிட்டால், அலமாரியில் இருக்கும் ஆப்ப சோடாவை வைத்தே சரிசெய்துவிடலாம். அதற்கு முன்னால் “உடம்புக்கு நல்லது” என்ற பேச்சைக் கொஞ்சம் உரசிப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்கக் கடைகளில் வான்கோழி கைமா பெரும்பாலும் 1 பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் பொட்டலமாகக் கிடைக்கிறது. மேலே 85, 93, 99 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பில்லாத கறி என்பதைச் சொல்லும் எண் அது. ஆளுக்கு 112 கிராம் என்று வைத்துக்கொண்டால், 85 எண் பொட்டலத்தில் சுமார் 17 கிராம் கொழுப்பு போய்ச் சேரும். 93 என்றால் சுமார் 8 கிராம். 99 என்றால் 1 கிராமுக்குச் சற்று மேல். 93 எண் போட்ட மாட்டுக்கறி கைமாவிலும் அதே 8 கிராம்தான். அந்தக் கொழுப்பில் நிறைவுற்ற வகை வான்கோழியில் சற்றுக் குறைவு, அவ்வளவே. 85 எண் வான்கோழியை வாங்குகிறவரைவிட 93 எண் மாட்டுக்கறி வாங்குகிறவர் குறைவாகத்தான் கொழுப்பு சாப்பிடுகிறார். ஆகவே பறவையின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வான்கோழியில் டிரிப்டோஃபன் நிறைய இருப்பதால் தூக்கம் வரும் என்று ஆண்டுதோறும் நன்றி தெரிவிக்கும் திருநாளையொட்டிக் கிளம்பும் கதையையும் இதோடு விட்டுவிடலாம். கோழிக்கறியில் உள்ளதைவிட அதில் குறிப்பிடும்படியாக அதிகம் எதுவும் இல்லை.

இனி, தண்ணீர். 450 கிராம் கைமாவில் 300 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். சூடேறும்போது அதில் 100 கிராம் கசிந்து வாணலியில் தேங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் தேங்கியிருக்கும்வரை அது தொடும் கறி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமாக முறுகி மணம் வருவதற்கோ 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அடுப்பிலிருந்து 1 கிலோவாட் வெப்பம் வாணலிக்குப் போய்ச் சேர்கிறது என்று கொண்டால், அந்த 100 கிராம் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் 226 கிலோ ஜூலுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் பிடிக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கைமா முழுவதையும் 100 டிகிரிக்கு ஏற்றுவதற்குக்கூட இவ்வளவு வெப்பம் தேவையில்லை. அந்த 4 நிமிடமும் கறி கொதிநீரில் கிடந்து மேலும் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க இன்னும் தண்ணீர் விடுகிறது. காது கொடுத்துக் கேட்டால் இது தெரியும். தண்ணீர் இருக்கும்வரை களகளவென்ற கொதிப்புச் சத்தம். அது வற்றி எண்ணெயின் சூடு மேலெழும்போது சடசடவென்று மாறும். சத்தம் மாறுவதற்குள் கறி சக்கையாகிவிடுவதுதான் நம் வாசகியின் பிரச்சினை.

கறிக்குள் இந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? தசை நாருக்குள் மையோசின், ஆக்டின் என்ற புரத இழைகள் நீளவாக்கில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீரில் பெரும்பகுதி அந்த வரிசைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் நிற்கிறது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டு உட்கார்ந்திருக்கும் வரிசைகள்தான் புரத இழைகள். நடுவில் வாளியும் கரண்டியுமாக நிற்கும் பரிமாறுகிறவர்கள் தண்ணீர் மூலக்கூறுகள். சந்து அகலமாக இருந்தால் பத்துப் பேர் நிற்கலாம், குறுகினால் நான்கு பேர்கூட நிற்க முடியாது. ஆகவே சந்தின் அகலத்தை எது முடிவு செய்கிறது என்பதே கேள்வி.

அதை முடிவு செய்வது மின்னூட்டம். உயிருள்ள தசையின் பி.எச். அளவு 7-ஐ ஒட்டி இருக்கும். பறவை இறந்தபின் ஆக்சிஜன் வரத்து நின்றுவிடுகிறது, தசையில் மிச்சமிருக்கும் கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாகிறது, பி.எச். இறங்குகிறது. நெஞ்சுக்கறியில் 6-க்கும் கீழே போய்விடுகிறது. மையோசினுக்கு 5.3-ஐ ஒட்டி ஒரு புள்ளி உண்டு. அங்கே அதன் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சரிக்குச் சரி. இந்த வரிசையின் நேர், அடுத்த வரிசையின் எதிரை இழுக்கிறது. பந்தியில் இது புதுச் சம்பந்திகள் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி. பேச்சு சுவாரசியத்தில் இரண்டு பக்கமும் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சந்து குறுகுகிறது, சாம்பார் வாளிக்காரர் வெளியேறுகிறார். பி.எச். இந்தப் புள்ளியை நெருங்க நெருங்கக் கறியின் நீர் பிடிக்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது.

இப்போது சோடாவைப் போடுங்கள். சோடியம் பைகார்பனேட் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்துக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாறுகிறது. பி.எச். ஏறுகிறது. புரதத்திலுள்ள ஹிஸ்டிடின் போன்ற அமினோ அமிலங்கள் தங்கள் நேர் மின்னூட்டத்தை இழக்கின்றன. எதிர் மின்னூட்டம் பெரும்பான்மையாகிறது. ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும். பந்தியில் இப்போது எதிரெதிரே இருப்பவர்கள் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். ஒரே ரத்தம், அதனாலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கையைப் பின்னால் தள்ளிப் போடுகிறார்கள். சந்து விரிகிறது. சாம்பார், ரசம், மோர் மூன்று வாளியும் உள்ளே வந்துவிடலாம். ஆனால் பந்தி முடியும் நேரம் ஒன்று உண்டு. 50 டிகிரியைத் தாண்டும்போது மையோசின் சுருளத் தொடங்குகிறது. அது பெஞ்சுகளை மடக்கும் நேரம். நடுவில் நின்றவர்கள் தள்ளப்படுவார்கள். குறுகிய சந்தென்றால் எல்லோரும் வெளியே. அகலமான சந்தென்றால் கணிசமானவர்கள் உள்ளேயே தங்கிவிடுகிறார்கள். கைமாவில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. எந்திரத்தில் அரைபட்ட கறி சுவரெல்லாம் இடிந்த மண்டபம். எந்தச் சந்திலிருந்தும் வெளியே போக இரண்டடிதான். முழுத் துண்டுக் கறியைவிடக் கைமா சட்டென்று தண்ணீர் விடுவதற்கு இதுவே காரணம்.

சோடாவின் வேலை இத்தோடு நிற்கவில்லை. கறி பொன்னிறமாவது, சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் கூடி நடத்தும் மெயிலார்ட் வினையால். அமினோ குழுவின் மேல் ஹைட்ரஜன் அயனி ஒட்டியிருந்தால் அதனால் சர்க்கரையைத் தாக்க முடியாது. சோடா அந்த அயனியை விலக்கிவிடுகிறது, வினை வேகமெடுக்கிறது. கசியும் தண்ணீரும் குறைகிறது, முறுகலும் சீக்கிரம் வருகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

வரலாறு கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: வான்கோழியை முதலில் பழக்கியவர்கள் மெக்சிகோவின் பழங்குடிகள், 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பொன்னிற வினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மெயிலார்ட். அதன் படிநிலைகளை 1953-இல் ஒழுங்குபடுத்தித் தந்தவர், அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் ஹாட்ஜ். மாட்டிறைச்சித் துண்டுகளைச் சோடாவில் பிசறி வைப்பது சீன உணவகங்களில் ஏற்கெனவே இருக்கும் பழக்கம். இணையத்தில் யாரோ புதிதாகக் கண்டுபிடித்த ரகசியம் அல்ல.

செய்முறைக்கு வருவோம். 450 கிராம் கைமாவுக்குக் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்தது. பிசறி 15 நிமிடம் வையுங்கள். அந்த நேரத்தில் சோறு வெந்துவிடும், கேரட்டும் முட்டைக்கோசும் நறுக்கி முடிந்துவிடும். பேக்கிங் பவுடர் உதவாது. அதில் அமிலமும் கலந்திருப்பதால் சோடாவின் பலம் அங்கேயே தீர்ந்துவிடும். அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, கைமாவை அடைபோல் ஒரே பரப்பாகத் தட்டிப் போடுங்கள். கிளறவேண்டும் என்று கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் சிவந்தபிறகு உடைத்துவிட்டு இஞ்சி, பூண்டு, மிளகாய் சேருங்கள். சோயா சாஸ் கடைசியில்தான். முதலிலேயே ஊற்றினால் விரட்டிய தண்ணீரை நாமே திரும்பக் கூப்பிட்டதாகும். எலுமிச்சைச் சாறும் அடுப்பை அணைத்த பிறகே. கைமா என்றால் முதலில் தயிரும் எலுமிச்சையும் போட்டு ஊறவைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். இங்கே அது வேண்டாம். புளிப்பு, பி.எச். அளவை அந்த 5.3-ஐ நோக்கித் தள்ளும். சோடாவின் உழைப்பு வீணாகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பி.எச். உயர்ந்த கறி வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கக்கூடும். நிறம் தரும் மையோகுளோபின் அந்த நிலையில் சூட்டைக் கூடுதலாகத் தாங்குவதுதான் காரணம். ஆகவே நிறத்தைப் பார்த்து வெந்ததா வேகவில்லையா என்று முடிவு செய்யக்கூடாது. அரைக்கும்போது மேற்பரப்பிலிருந்த சால்மொனெல்லா போன்ற கிருமிகள் உள்ளேயும் பரவியிருக்கும். அரைத்த பறவைக் கறி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக் கட்டியான இடத்தில் குத்திப் பாருங்கள். இந்தச் செலவை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

சோடா என்றதும் சோடியத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. கால் டீஸ்பூனில் சுமார் 300 மில்லி கிராம் சோடியம்; நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 80-க்கும் குறைவு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலோ சுமார் 900 மில்லி கிராம். மூன்று கரண்டி ஊற்றினால் ஆளுக்கு ஏறக்குறைய 675. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் 2,000 மில்லி கிராம் வரம்பில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இந்தக் கிண்ணத்தை ஆரோக்கியமானதாக்க ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், சாஸைப் பாதியாகக் குறையுங்கள். சோடாவைக் கூட்டாதீர்கள், அளவு மிஞ்சினால் சோப்பு வாடை வரும்.

சோற்றை ஆறவைத்துச் சாப்பிட்டால் கலோரி பாதியாகக் குறையும் என்ற பேச்சும் உலவுகிறது. ஆறும்போது மாவுச்சத்தில் சிறு பகுதி செரிமானத்துக்கு எளிதில் சிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. அது சிறு பகுதிதான் என்பதும் உண்மை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி காயைக் கூட்டுவது அதைவிட நிச்சயமான வழி.

வான்கோழி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் கோழிக்கறி கைமாவில் இதையே செய்யலாம்; இரண்டிலும் இருப்பது அதே மையோசின். நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். ஒரே பொட்டலத்தைச் சரிபாதியாக நிறுத்துப் பிரியுங்கள். ஒரு பாதியில் சோடாக் கரைசல், மறு பாதியில் அதே அளவு வெறும் தண்ணீர். ஒரே வாணலியில், ஒரே தீயில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நேரம் வதக்கி இறக்குங்கள். வாணலியில் கசிந்த தண்ணீரை வடித்துவிட்டு இரண்டையும் மறுபடி தராசில் வையுங்கள். எந்தப் பாதி அதிக எடையோடு மிஞ்சுகிறதோ, அதைச் சோற்றில் போட்டு முதலில் சாப்பிடுங்கள்.