முழு செட்டையும் மாற்ற வேண்டுமா?

வீட்டு ஹைஃபை செட்டில் கிராஅத்தும் பயானும் தெளிவாகக் கேட்கவில்லை, கையில் காசும் குறைவு. நமுனுகுலயிலிருந்து பதுளைக் கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு நாம் என்ன சொல்வது?

புதிய செட் இறக்குமதிப் பொருள். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், இரு மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே பழுதான பாகத்தை மட்டும் மாற்றுவதே சிக்கனம்.

முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் காலப்போக்கில் உதிரும். மலைநாட்டு ஈரலிப்பில் இன்னும் விரைவாக உதிரும். அந்த வளையத்தை மட்டும் மாற்றலாம். கறுத்த வயர் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். மூலையில் இருக்கும் ஸ்பீக்கரை முன்னே நகர்த்தினால் கும்மென்ற இரைச்சல் செலவின்றிக் குறையும்.

வாட்ஸைக் கண்டு மயங்க வேண்டாம். 50 வாட்ஸ் 100 ஆனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. 8 ஓம்ஸுக்கான அம்ப்ளிஃபயரில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரைப் பூட்டினால் சூடேறிப் பழுதாகலாம்.

பாவித்த செட்டை விற்பவர் அதன் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். மறைத்து விற்பதை மார்க்கம் தடுக்கிறது. சிறு செலவில் வேலையை முடித்துக் கொடுத்த கடையைத் தேடியே வாடிக்கையாளர் அடுத்த முறையும் வருவார். அதுதான் நிலையான இலாபம்.