ரெக்டிபையர் வால்வு ஏன் அகாலத்தில் மாள்கிறது?

திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை ஒருதிசைப் பிரவாகமாக்கி ஏனைய வால்வுகளுக்கு ஊட்டும் ரெக்டிபையர் வால்வு, ஆம்ப்ளிபையர்களில் அகால மரணம் அடைவதற்குத் தன் குற்றத்தைவிட, அதன் பின்னுள்ள கெபாசிட்டரே பெரும்பாலும் காரணமாகிறது. வெறுமையாயிருக்கும் கெபாசிட்டர், வறண்ட ஏரி முதல் வெள்ளத்தை உறிஞ்சுவதுபோல மின்சாரத்தை இழுக்கும்போது, கேதோடின் ஆக்சைடுப் பூச்சு அவ்வேகத்தைத் தாங்காமல் சிதைந்து, உள்ளே பொறி பாய்கிறது. ஆகையினால்தான் ஜி.இஸட். 34 வால்வுக்கு முதல் கெபாசிட்டர் 60 மைக்ரோபாரட்டுக்கு மிகலாகாதென்று உற்பத்தியாளர் விதித்தார்கள். உறுமல் குறையுமென்று கருதி இவ்வரம்பை மீறுவது பெரும் பிழை. வால்வு நன்கு சூடேறிய பின்னர், ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் மூலம் வெற்றுக் கெபாசிட்டரைத் திடீரென இணைப்பதும் அத்தகையதே.

பியூஸ் எரிந்தால், ரெக்டிபையரைக் கழற்றிவிட்டுப் புதிய பியூஸ் இட்டுப் பார்க்க வேண்டும். அது நிலைத்தால், தோஷம் ரெக்டிபையரிலோ, அதற்கப்பால் கசியும் கெபாசிட்டரிலோ, ஷார்ட் ஆன அவுட்புட் வால்விலோ இருக்கிறது; அதை நீக்காமல் புது வால்வைச் செருகுவது அதையும் பலியிடுவதாகும். ஒவ்வொரு ஆனோடுக்கும் தொடராகத் தக்க அளவுள்ள சிலிக்கன் டயோடு ஒன்றைச் சேர்த்தால், வால்வு ஷார்ட் ஆனாலும் டிரான்ஸ்பார்மர் பிழைக்கும்.

அணைத்த பிறகும் கெபாசிட்டரில் உயிர்க்கொல்லி மின்னழுத்தம் தேங்கி நிற்குமாதலால், அதைத் தக்க மின்தடை கொண்டு வடித்து, மீட்டரில் சோதித்த பின்னரே உள்ளே கை வையுங்கள்.