கணக்கப்பிள்ளையும் கணினியும்

சென்ற ஆண்டு மார்கழி விடுமுறையில், முன்னொருகால் எம்மிடம் கல்வி பயின்ற மாணவர் ஒருவர் எமது இல்லம் தேடி வந்திருந்தார். தந்தையார் காலமான பின்னர் யாழ்ப்பாணத்திலுள்ள அவரது கடையை இப்பொழுது நடத்தி வருபவர் அவரே. உரமும், விதையும், கிருமிநாசினியும், நீரிறைக்கும் இயந்திரங்களின் உறுப்புக்களும் விற்கும் சிறிய கடை அது. குசலம் விசாரித்து முடிந்ததும் சிறிது தயங்கி, "சேர், உங்களிடம் ஒரு யோசனை கேட்க வந்தேன்" என்றார்.

செயற்கை நுண்ணறிவு என இந்நாளில் எல்லோரும் பேசும் இயந்திர மூளையைத் தமது கடையிலும் பயன்படுத்தும் எண்ணம் அவருக்கு உண்டாகியிருந்தது. அது பற்றுச்சீட்டுக்களைத் தானே வாசித்துக் கணக்கெழுதும். கையிருப்பைப் பார்த்து, எப்பொருள் எப்போது தீரும் என்று முன்னறிவிக்கும். தொலைபேசி வழியே கேள்வி கேட்போருக்கு நள்ளிரவிலும் விடையளிக்கும். இவையெல்லாம் நல்லனவே. ஆயினும் அக்கடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கப்பிள்ளையாக இருக்கும் முதியவரை என்ன செய்வது? "நிறுத்திவிடு என்றுதான் நண்பர்கள் சொல்லுகிறார்கள். அப்படி நினைத்தவுடன் ஐயாவின் முகம் கண்முன் வருகிறது" என்றார் மாணவர்.

நாம் உடனே விடை கூறவில்லை. இஃது அவர் ஒருவரின் வினாவன்று. சிறு தொழில் நடத்தும் குடும்பங்கள் பலவற்றின் வாயிலில் இன்று வந்து நிற்கும் வினா. ஆதலின், நாம் அறிந்த ஓர் உண்மை வரலாற்றையே முதலில் அவருக்குக் கூறினோம். அதனை வாசகர்களுக்கும் கூற விரும்புகின்றோம்.

வெள்ளரித் தோட்டத்தில் ஒரு மாணாக்கன்

யப்பான் நாட்டின் சிசுவோக்கா மாகாணத்திலே கொசாய் என்றொரு நகருண்டு. அங்கு மக்கோத்தோ கொயிகே என்னும் இளைஞரின் பெற்றோர் வெள்ளரிக்காய்த் தோட்டம் ஒன்றை நடத்தி வந்தனர். மோட்டார் வாகனத் தொழில் துறையில் கணினிப் பொறியியலாளராக இருந்த கொயிகே, பெற்றோருக்கு உதவும் பொருட்டு ஊர் திரும்பினார். திரும்பியவரின் கண்ணிற் பட்டது ஒரு காட்சி. பறித்த காய்களை நீளம், பருமன், நிறம், வளைவு, கீறல், மேலுள்ள சிறு முட்கள் ஆகிய பலவற்றையும் நோக்கி ஒன்பது தரங்களாகப் பிரித்தல் வேண்டும். அப்பணி அவருடைய தாயாருடையது. காய்கள் மிகுந்து விளையும் காலத்தில் அந்த அம்மையார் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை அவ்வேலையிலேயே கழித்தார். தரம் பிரிப்பதற்கு எழுதி வைத்த விதி எதுவுமில்லை. எல்லாம் அவர் கண்ணிலும் கையிலுமே இருந்தன. புதிதாக ஒருவரை வேலைக்கு அமர்த்தினால், அவர் அதனைக் கற்று முடிப்பதற்குள் விளைச்சற் காலமே கழிந்துவிடும்.

2016 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அல்பாகோ என்னும் கணினி நிரல், 'கோ' எனப்படும் பலகை விளையாட்டில் உலகப் புகழ்பெற்ற கொரிய வீரர் லீ செடோலை நான்கிற்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. அந்த நிரலின் ஆற்றல் கொயிகேயின் எண்ணத்தைத் தூண்டியது. கூகிள் நிறுவனம் எவரும் பயன்படுத்தலாமென வெளியிட்டிருந்த ரென்சர்புளோ என்னும் மென்பொருளையும், கையடக்கமான மலிவுக் கணினி ஒன்றையும் கொண்டு, காய்களைத் தரம் பிரிக்கும் பொறியொன்றை அவர் ஆக்கினார்.

இத்தகைய பொறிக்கு, "வளைந்த காய் இரண்டாந்தரம்" என்று விதி கூறிக் கற்பிப்பதில்லை. தரம் குறித்த படங்களை ஆயிரக்கணக்கிற் காட்டுவர். பொறி தன் விடையைச் சரியான விடையோடு ஒப்பிட்டு, பிழைக்குந்தோறும் தன்னுள்ளே இருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். கொயிகே சில மாதங்கள் முயன்று ஏறத்தாழ 7,000 படங்களை எடுத்தார். அக்காய்களைத் தரம் பிரித்துக் கொடுத்தவர் யார்? அவருடைய தாயாரே. எனவே அப்பொறியின் ஆசிரியர் அந்த அம்மையார் என்றே கூறல் வேண்டும்.

பரீட்சையிலே பொறி நூற்றுக்கு 95 இற்கு மேற் பெற்றது. ஆனால் உண்மையான வேலையில் இறக்கியபோது அது நூற்றுக்கு 70 அளவிற்குத் தாழ்ந்தது. ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இது வியப்பன்று. பழைய வினாத்தாள்களை மனனம் செய்த மாணாக்கன் புதிய வினாவைக் கண்டு திகைப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். மேலும், கணினியின் வலு போதாமையாற் படங்களை மிகச் சிறிதாக்கியே பொறிக்குக் காட்டினர். அதனால் உருவமும் வளைவும் அதற்குத் தெரிந்தன. நிறமும் கீறலும் முள்ளும் தெரியவில்லை. தாயாரின் கண் கண்டதிற் பாதியைப் பொறி காணவேயில்லை.

கொயிகே இதனால் மனந்தளரவுமில்லை. பொறியின் மதிப்பெண்ணை நம்பித் தாயாரை ஒதுக்கிவிடவுமில்லை. பின்னர் அவர் செய்த மாதிரியொன்றிலே, மேசைமீது காய்களைப் பரப்பியதும் ஒவ்வொன்றின் தரமும் கண்முன் தோன்றும். எடுத்துப் பிரிப்பது மனிதரின் கை. சலிப்பூட்டும் வேலையைக் குறைத்து, நல்ல காய்களை விளைவிப்பதிலே நேரத்தைச் செலவிடல் வேண்டுமென்பதே அவர் நோக்கம். தாயாரின் சுமையைக் குறைப்பது வேறு. தாயாரையே சுமையெனக் கருதுவது வேறு.

அதே ஊரில் மற்றொரு தாய்

கொசாய் நகருக்கு இன்னுமொரு சிறப்புண்டு. 1867 ஆம் ஆண்டில் சகிச்சி ரொயோடா பிறந்ததும் அவ்விடத்திலேதான். தச்சரின் மகனான அவர், தாயார் தறியில் அமர்ந்து துன்புறுவதைக் கண்டு மனமிரங்கியே தறியைச் சீர்திருத்த முற்பட்டார் என்பர். மரத்தாலான கைத்தறியொன்றுக்கு 1891 இல் முதலாவது காப்புரிமை பெற்றார். 1924 இல் அவர் நிறைவு செய்த தானியங்கித் தறி, நூல் அறுந்ததும் தானாகவே நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போகாமல், "பிழை நேர்ந்தது, வந்து பாருங்கள்" என்று மனிதரை அழைப்பதுபோல் நிற்கும். தறியோரத்திற் கண்விழித்துக் காவலிருக்கும் தொல்லை நீங்கியதால், ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது.

அவர் வழிவந்த ரொயோடா மோட்டார் நிறுவனத்தார் இக்கொள்கைக்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். தானியக்கம் என்னும் பொருளுடைய யப்பானியச் சொல்லை எழுதுகையில், இயக்கத்தைக் குறிக்கும் எழுத்தோடு மனிதனைக் குறிக்கும் உறுப்பொன்றையும் சேர்த்து எழுதுவர். ஒலி மாறுவதில்லை, பொருள் மாறிவிடுகிறது. இயந்திரத்தின் இயக்கத்துள்ளே மனிதனும் வந்து நின்றுவிடுகின்றான். மனிதனை மையமாகக் கொண்டு இயந்திரத்தை ஏற்றல் என்று இன்று அறிஞர் பேசுவதை, அந்த ஓர் எழுத்தே விளக்கிவிடுகிறதன்றோ?

பொறுப்பு யாருடையது?

ரொயோடாவின் தறி பிழை நேர்ந்ததும் நின்றது. இக்காலத்து உரையாடும் இயந்திரங்களோ எப்பொழுதும் அவ்வாறு நிற்பதில்லை. 2022 நவம்பரில் சற்ஜிபிரி வெளியானதிலிருந்து இத்தகையன பெருகிவிட்டன. ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரத்தகும் என்று கணித்துக் கணித்தே இவை விடை தொடுக்கின்றன. ஆதலின் தெரியாததையும் தெரிந்ததுபோலத் தெளிந்த நடையிற் கூறிவிடுதல் உண்டு. இவை கற்ற நூற்றொகுதியில் ஆங்கிலத்தை நோக்கத் தமிழின் பங்கு மிகச் சிறிது. தமிழிற் கேட்போர் பின்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

கனடாவில் நிகழ்ந்த ஒரு வழக்கு இங்கே கருதத்தக்கது. பாட்டியை இழந்த ஒருவர், துயர நிகழ்வுக்குப் பயணஞ் செய்வோருக்கான கட்டணச் சலுகை பற்றி எயார் கனடா விமான நிறுவனத்தின் உரையாடும் இயந்திரத்திடம் வினவினார். பயணச்சீட்டு வாங்கிய பின்னரும் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது தவறாகக் கூறியது. பின்னர் நிறுவனம் சலுகை தர மறுத்தது. விசாரணையில், இயந்திரம் கூறியதற்குத் தான் பொறுப்பன்று என்று வாதிடவும் முற்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அவ்வாதத்தைத் தள்ளி, பயணிக்கு நட்டஈடு கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. இயந்திரம் சொன்னாலும் ஊழியர் சொன்னாலும் சொன்னது கடையே என்பது அதன் சாரம்.

பெருநிறுவனம் அந்நட்டத்தைத் தாங்கும். சிறு கடையின் நிலை அதுவன்று. கிருமிநாசினியை எவ்வளவு நீரிற் கலப்பது என்று ஒரு கமக்காரர் கேட்க, இயந்திரம் பிழையான அளவைக் கூறிவிட்டால் அழிவது ஒரு போகப் பயிர். தெளிப்பவருடைய உடல்நலமும் கெடும். அப்பழி கடைக்காரரின் வாழ்நாள் முழுவதும் தீராது.

நாம் கூறிய யோசனை

இவற்றையெல்லாம் கூறிய பின்னர் மாணவருக்கு நாம் சொன்னவை நான்கே. முதலாவது, இயந்திரத்தை விலக்கவேண்டாம். ஆனால் கடையிலுள்ளோரை முதலில் அழைத்து, எவ்வேலை அவர்களை வருத்துகிறது என்று கேளுங்கள். அவ்வேலையையே முதலில் அதனிடம் ஒப்படையுங்கள். இரண்டாவது, ஒன்றிரண்டு மாதங்களுக்குப் பழைய முறையும் புதிய முறையும் அருகருகே நடக்கட்டும். இரண்டின் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது, பணத்தையும் பயிரையும் உயிரையும் பற்றிய முடிவுகளில் இறுதிச்சொல் மனிதருடையதாக இருக்கட்டும். நான்காவது, வாடிக்கையாளரின் பெயரும் கடனும் தொலைபேசி இலக்கமும் அவர்கள் நம்பித் தந்த அடைக்கலப் பொருள்கள். கண்ட கண்ட மென்பொருள்களில் அவற்றை இடவேண்டாம். தனியாரின் விபரங்களைப் பாதுகாப்பதற்கென 2022 ஆம் ஆண்டில் 9 ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது.

கணக்கப்பிள்ளையைப் பற்றி நாம் வேறொன்றும் கூறவில்லை. "தம்பி, அந்த வெள்ளரித் தோட்டத்தில் பொறிக்குப் பாடஞ் சொன்னவர் யார் என்பதை மட்டும் மறவாதீர்" என்று சொல்லி அனுப்பினோம்.

ஆவணி மாதத்தில் அவர் மீண்டும் வந்தார். கணக்கெழுதும் வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டதாம். இரவிலே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேரேட்டைப் பார்க்கும் வருத்தம் கணக்கப்பிள்ளைக்கு இல்லை. கணினிக்கு அருகிலே நாற்காலியிட்டு அவரை அமர்த்தியிருக்கின்றனர்.

வைகாசியில் ஒருநாள், இனிமேற் கடன் கொடுக்கத் தகாதவர்களென இயந்திரம் ஒரு பட்டியல் தந்தது. அதிலே முதலாவதாக ஒரு கமக்காரரின் பெயர். மாரியில் வாங்கிய உரத்திற்கு ஐந்து மாதங்களாக ஒரு சதமும் கொடுக்கவில்லை. அன்றுதான் அவர் வெங்காய நடுகைக்கு மீண்டும் உரம் கேட்டு வாசலில் நின்றார். மாணவர் மறுக்க வாயெடுத்தார். கணக்கப்பிள்ளை பட்டியலைப் பார்த்துச் சிரித்தாராம். "தம்பி, இவர் புகையிலை விற்ற கையோடு வருகிறவர். உங்கள் ஐயா காலந்தொட்டு ஒரு வருஷமும் தவறியதில்லை. கொடுங்கள்" என்றார். உரம் கொடுக்கப்பட்டது.

"பிறகு?" என்று கேட்டோம்.

"ஆடி முடிவதற்குள் புகையிலை விற்றுவிட்டு வந்தார், சேர். முழுவதையும் எண்ணித் தந்துவிட்டுப் போனார். கணக்கப்பிள்ளையை அன்று நிறுத்தியிருந்தால் அந்த மனிதரையும் இழந்திருப்பேன்" என்றார் மாணவர்.

எவரெவர் எந்தெந்த அறுவடைக்குப் பின்னர் கடன் தீர்ப்பவர் என்பதைக் கணக்கப்பிள்ளை சொல்லச் சொல்ல, மாணவர் இப்பொழுது கணினியிற் பதிந்து வருகின்றார். மூன்று கொப்பிகள் நிறையுமளவு விபரம் ஏற்கனவே சேர்ந்துவிட்டதாம். முதியவர் சொல்லி இன்னும் முடியவில்லை.