ஒட்டிய உருக்கு ஆறும் விதம்

தேயிலைத் தொழிற்சாலையை மலைநாட்டுத் தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என்றே வழங்குவர். சனவரி முதல் மார்ச்சு வரை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் வறண்ட குளிர்காற்று வீசும். அப்பகுதித் தேயிலை தன் சிறந்த மணத்தைப் பெறுவதும் அப்போதுதான். அந்நாட்களில் ஸ்டோரின் இயந்திரமொன்று பழுதுபட்டு நின்றால் கொழுந்து காத்திருக்காது. வாடிய இலை மேலும் வாடும். அரைபட்ட இலை அளவு மீறி நொதித்து மணம் இழக்கும். ஒரு நாட் பறிப்பு முழுவதும் வீணாகும். ஆகவே நள்ளிரவாயினும் பட்டறைக்காரரை எழுப்பி, வெடித்த தகட்டை உடனே ஒட்டச் சொல்வார்கள்.

ஒட்டி முடிந்ததும் ஒரு கேள்வி எழுகிறது. செக்கச் சிவந்து கனலும் அந்த ஒட்டைத் தண்ணீர் ஊற்றி ஆற்றுவதா, காற்றில் விடுவதா, சாம்பலால் மூடி மெல்ல மெல்ல ஆற விடுவதா? சிறு கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் சில மாதங்களின் பின் அத்தகடு துருவேறி நிற்குமா, பளபளப்புடன் உழைக்குமா என்பது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

தோட்டத்துப் பட்டறையில் இதற்குப் பழகிய விடைகள் உண்டு. கவ்வாத்துக் கத்தியைக் கொல்லர் தழலிற் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். அந்தத் தோய்ச்சலே கத்திக்குக் கூரும் உரமும் தருவது. பழைய ரோலர்களின் வார்ப்பிரும்புச் சட்டம் வெடித்தாலோ செய்முறை வேறு. அதனை ஒட்டியபின் சாம்பலிற் புதைத்து, மறுநாள் வரை தொடமாட்டார்கள். விரைந்து குளிர்ந்தால் ஒட்டின் அருகே மீண்டும் வெடிக்கும். இரண்டும் அனுபவம் தந்த சரியான பாடங்களே. ஆனால் இப்பாடங்களைக் கறையில் உருக்கின்மேல், அதாவது வீட்டில் எவர்சில்வர் என்று வழங்கும் உலோகத்தின்மேல் ஏற்றும்போதுதான் பிழை நேர்கிறது. பாத்திரத்துக்கும் தொட்டிக்கும் பயன்படும் சாதாரணக் கறையில் உருக்கைச் செஞ்சூட்டிலிருந்து தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாவதில்லை. மென்மையாகவும் நலமாகவும் இருக்கும். சாம்பலில் மெல்ல ஆறவிட்டால் வெளியே தெரியாத நோயொன்று அதனைப் பற்றுகிறது.

அந்நோயை அறியுமுன், ஸ்டோருக்குள் இவ்வுலோகம் ஏன் வந்தது என்பதை அறிதல் நன்று. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டபோது கொழுந்தை மேசைமீது இட்டுக் கையாலேயே உருட்டினர். பின்னர் இயந்திரங்கள் வந்தன; அவற்றுடன் இரும்பும் வந்தது. கடுக்காய் நீரில் அன்னபேதியைக் கலந்து மை காய்ச்சிய காலத்தைப் பெரியவர்கள் கேட்டறிந்திருப்பர். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் அன்னபேதியின் இரும்பும் கூடியே அந்தக் கறுப்பு உண்டாகிறது. தேயிலைச் சாற்றின் துவர்ப்பும் அதே குணம் உடையது. துருப்பிடித்த இரும்பில் அது படிந்தால் கறுத்துப்போகும். தேநீரின் நிறமும் சுவையும் கெடும். ஆதலால் ரோலர் மேசைகளுக்குப் பித்தளையை இட்டனர். பிற்காலத்தில் கறையில் உருக்கும் அவ்விடத்தைப் பிடித்தது.

கறையில் உருக்கு துருவேறாமல் நிற்பது குரோமியத்தின் தயவால். 1912, 1913 ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் குருப் ஆலையினரும், இங்கிலாந்தின் ஷெபீல்டில் ஹரி பிறியர்லியும் இவ்வகை உருக்குகளை உருவாக்கினர். இன்று மிகுதியாக வழங்குவது ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்ட வகை. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடி உலோகத்தின்மேல் ஒரு மெல்லிய படலத்தை விரிக்கிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறளவே அதன் தடிப்பு. கீறினாலும் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். ஆனால் அதற்கு உலோகத்தின் ஒவ்வோர் இடத்திலும் குரோமியம் குறைந்தது 11, 12 வீதமாவது இருத்தல் வேண்டும்.

இனி ஒட்டுக்கு வருவோம். ஒட்டும் இடம் 1,400 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறி உருகுகிறது. விலகிச் செல்லச் செல்ல வெப்பம் படிப்படியாகக் குறைகிறது. ஒட்டின் இரு மருங்கிலும் 850 பாகைக்கும் 450 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் தங்கும் ஒரு பட்டை உண்டு. ஆபத்து அங்கேதான். இவ்வுருக்கில் காபன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆயினும் அந்த வெப்பநிலையில் காபன் அணுக்கள் அசைந்து, உலோக மணிகளின் எல்லையில் வந்து குரோமியத்துடன் கூடிக் காபைட்டாகப் படிகின்றன. அவ்வாறு கூடும்போது காபன் தன் எடையைப்போல் 16 மடங்கு குரோமியத்தை இழுத்துக்கொள்கிறது! மணியின் நடுவே குரோமியம் நிறைந்திருக்க, எல்லையோரம் மட்டும் வறிதாகிறது. அவ்விடத்தில் காப்புப் படலம் நிலைப்பதில்லை. செங்கல் உறுதியாக இருக்கையில் இடையிலுள்ள சாந்து மட்டும் கரைந்துபோகும் சுவரின் நிலை இதுவே. குரோமியம் வறுமையுறுவதே காரணம் என்னும் இவ்விளக்கத்தை 1933 இல் அமெரிக்க அறிஞர் எட்கார் பெயினும் துணைவர்களும் தெளிவாக்கினர்.

இந்நோயின் அடையாளம் ஒன்று. துரு ஒட்டின்மேலேயே தோன்றாது. அதற்குச் சற்று விலகி, இரு பக்கமும் இரண்டு இணைகோடுகளாகத் தோன்றும். இக்கோடுகளைக் கண்டவுடன் தகடு போலி என்று கடைக்காரரைக் குறைகூறுவோர் பலர். குற்றம் பெரும்பாலும் தகட்டில் இல்லை.

காபைட்டு உண்டாகக் காலம் வேண்டும். காபன் மிகுந்த தகட்டில் 700 பாகையளவில் சில நிமிடங்களே போதும். காபன் குறையக் குறைய மணிக்கணக்காகும். விரைந்து ஆற்றுவதன் பொருள் காபனுக்கு அந்த அவகாசத்தைக் கொடாமையே. செம்மை முற்றும் மறைந்து உலோகம் கறுத்தபின் தண்ணீர் ஊற்றுவோர் சிலர். அது வீண். அபாயமான வெப்பநிலையின் பெரும்பகுதியை ஒட்டு அதற்குள் கடந்திருக்கும். படிந்துவிட்ட காபைட்டைத் தண்ணீர் கரைக்காது. 1,040 பாகைக்கு மேல் முழுத் துண்டையும் காய்ச்சித் தோய்த்தால்தான் கரையும். பெரிய தொட்டியொன்றை அவ்வாறு காய்ச்சும் உலை எந்தத் தோட்டத்துப் பட்டறையில் உண்டு?

தண்ணீருக்கும் ஒரு விலை உண்டு. இவ்வுருக்கு சாதாரண உருக்கைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். வெப்பத்தைக் கடத்துவதோ மூன்றிலொரு பங்கு. ஆதலால் ஒருபுறம் மட்டும் தண்ணீர் பட்டால் தகடு கோணும். கோணிய மேசை இலையை ஒழுங்காக உருட்டாது. மின்னொட்டு நடக்கும்போது அருகில் ஈரம் இருப்பது உயிருக்கே ஆபத்து என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கைதேர்ந்தவர்கள் ஆற்றும் வழியைத் தேடுமுன் சூட்டையே குறைக்கிறார்கள். சிறிய கம்பி, குறைந்த மின்னோட்டம், சிறு சிறு துண்டாக ஒட்டு. ஒன்றின்மேல் ஒன்று இடுமுன் முன்னைய ஒட்டு 150 பாகைக்குக் கீழே ஆறும் வரை பொறுத்தல். தகட்டின் பின்னே தடித்த செப்புப் பட்டையொன்றை அழுத்தி வைத்தால் அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மில்லிமீற்றர்த் தகடு இவ்வாறு ஒட்டப்பட்டால் வெறுங் காற்றிலேயே போதிய விரைவில் ஆறிவிடும். அசற்றிலீன் சுவாலையால் ஒட்டுவதே அதிக அபாயமானது: வெப்பம் பரந்து நெடுநேரம் தங்குகிறது, அசற்றிலீன் மிகுந்தால் சுவாலையே காபனை ஊட்டுகிறது.

கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் பெப்ரவரிக் குளிர்காற்று இவ்வகையில் 18–8 உருக்குக்கு நண்பன். ஆனால் எவர்சில்வர்க் குடும்பம் முழுவதற்கும் அது நண்பனன்று. வெட்டும் அலகுகளும் சில அச்சுத்தண்டுகளும் 13 வீதக் குரோமியமுள்ள, நிக்கல் அற்ற உருக்கால் ஆனவை. இவ்வகை கவ்வாத்துக் கத்தியின் இனம். காற்றில் ஆறினாலே கடினமாகும், விரைந்து ஆறினால் வெடிக்கும். அதனை 200 முதல் 300 பாகை வரை முன்னரே சூடாக்கி ஒட்டி, மெல்ல ஆறவிட்டு, பின்பு மீண்டும் காய்ச்சிப் பதப்படுத்த வேண்டும். இங்கே சாம்பல் வைத்த பழைய கை சரியான கையே.

இரண்டையும் வேறுபடுத்தக் காந்தம் உதவும். தேயிலையிற் கலந்த இரும்புத் துகளை நீக்கும் காந்தம் ஸ்டோரிலேயே இருக்கிறது. 13 வீத வகை அதனை இறுகப் பற்றும். 18–8 வகை பற்றாது. அடித்து வளைத்த விளிம்பில் மட்டும் 18–8 சிறிது ஈர்க்கப்படலாம். ஆகவே தட்டையான இடத்திற் சோதித்தல் நலம்.

ஆறியபின் ஒட்டருகே காணும் நீலமும் பொன்னிறமும் அழகுக்காக விடத்தக்கவை அல்ல. அவ்விடத்துக் காப்புப் படலம் பழுதானது. தேய்த்தோ அமிலப் பசையிட்டோ நீக்க வேண்டும். அதற்குக் கறையில் உருக்குக் கம்பித் தூரிகையே ஏற்றது. இரும்பைத் தேய்த்த தூரிகையை எடுத்தால் இரும்புத் துகள் தகட்டில் பதிந்து, தானே துருவேறும்.

புதிய தகடு வாங்கும் தோட்டங்களுக்கு இக்கவலையைப் பெரிதும் குறைக்கும் வழி உண்டு. காபன் 0.03 வீதத்துக்கு மேற்படாத 304 எல் என்னும் வகையையோ, காபனைத் தான் பற்றிக்கொண்டு குரோமியத்தைக் காக்கும் தைத்தானியம் சேர்த்த 321 என்னும் வகையையோ கேட்டு வாங்கலாம். விலை சற்றுக் கூடும். 304 எல் தகட்டுக்கு ஒட்டுக்கம்பியும் 308 எல் ஆக இருத்தல் வேண்டும். தகட்டுக்கு அவ்வோர் எழுத்தை எழுதிவிட்டுக் கம்பிக்கு எழுத மறக்கும் கொள்வனவுச் சீட்டுகளும் உண்டு.