கிடங்கில் அரிசி, கடையில் பூட்டு

நெஞ்சுச்சளிக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கிற, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற என்.ஏ.சி. மாத்திரைக்கு இணையத்தில் இப்போது ‘ஈரல் காவலன்’ பட்டம். குடிக்கும் நாளில் ஒன்று போட்டுக்கொண்டால் ஈரல் தப்பிக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

என்.ஏ.சி. என்பது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் மாற்று வடிவம். 1960களில் சளி மருந்து. 1970களில் பாராசிட்டமால் விஷமுறிவு. வரலாறு இவ்வளவு போதும்.

சுவாரஸ்யமெல்லாம் ஈரல் செல்லுக்குள்தான். சாராயத்தை உடைக்கும்போது தெறிக்கும் நாசகார மூலக்கூறுகளை அடக்குவது குளூட்டாதையோன். அதைச் செய்யச் சிஸ்டீன் வேண்டும். ஆகவே சிஸ்டீன் கொடு, ஈரல் பிழைக்கும் என்கிறது விளம்பரம். ஆனால் அடி பலமாக விழும் மைட்டோகாண்ட்ரியாவுக்குக் குளூட்டாதையோன் தயாரிக்கத் தெரியாது. வெளியே தயாரானதை உள்ளே வாங்கிக்கொள்ளத்தான் தெரியும். எலிகளுக்குத் தொடர்ந்து சாராயம் கொடுத்துப் பார்த்தபோது, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் கொலஸ்ட்ரால் ஏறி அது விறைத்துப்போனது. வாங்கும் வழி அடைபட்டது.

கிடங்கில் அரிசி மூட்டை மூட்டையாக இருக்கிறது. ரேஷன் கடையின் ஷட்டர்தான் துருப்பிடித்துத் தூக்க வரவில்லை. என்.ஏ.சி. செய்வது கிடங்குக்கு இன்னொரு லாரி லோடு அனுப்புவது. வரிசையில் நிற்பவர் கையில் கார்டு, பை எல்லாம் இருந்தும் அரிசி இல்லை. எலிகளில் ஷட்டருக்கு எண்ணெய் போட்டது வேறொரு மருந்து: மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிறக்கும் ‘சாமி’. (பெயர்ப் பொருத்தத்துக்கு ஆய்வாளர்கள் பொறுப்பல்ல.) ஸ்பெயினில் குடியால் ஈரல் சுருங்கிய 123 பேரிடம் அதை 2 ஆண்டு சோதித்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்களும் மாற்று ஈரல் தேவைப்பட்டவர்களும் மருந்துக் குழுவில் 16%, மற்றக் குழுவில் 30%. கேட்க நன்றாக இருக்கிறது, புள்ளியியல் ஒப்புக்கொள்ளவில்லை. நோய் முற்றியவர்களைக் கழித்த பிறகுதான் வேறுபாடு தேறியது. கழித்துப் பார்த்தால் தேறும் கணக்குகளிடம் கொஞ்சம் எச்சரிக்கை நல்லது.

என்.ஏ.சி.க்கும் ஒரு நல்ல சோதனை உண்டு. பிரான்சில் குடியால் ஈரல் கடுமையாக வீங்கிய 174 பேருக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கூடவே 5 நாள் என்.ஏ.சி.யை நரம்பு வழியாக ஏற்றினார்கள். 2011இல் முடிவு வந்தது. ஒரு மாதத்தில் இறப்பு 8%. ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 24%. தொற்றும் குறைந்தது. ஆனால் சோதனைக்கு முன்கூட்டியே குறித்திருந்த கெடு 6 மாதம். அங்கே 27%, 38%. தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய இடைவெளி.

அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் கல்லூரியின் 2024 வழிகாட்டுதல் இதையே, ஆதாரம் பலமில்லை என்ற குறிப்போடு, ஸ்டீராய்டுக்குத் துணையாகப் பரிந்துரைக்கிறது. அது ஆஸ்பத்திரிப் படுக்கையில் டிரிப்பில் ஏறும் மருந்து. குடிப்பதற்கு முன் போடும் மாத்திரைக்கு அந்த வழிகாட்டுதலைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.