பெருங்காய டப்பாவில் கோதுமையா?

தீபாவளிக்கு வீடு நிறையச் சொந்தபந்தம். அதில் ஒருவருக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாது என்றால், இலையில் எது அவருக்கு ஆபத்து, சொல்லுங்கள் பார்ப்போம்? பூரியையும் ரவா கேசரியையும் அவரே ஒதுக்கிவிடுவார். சோறும் முறுக்கும் அரிசிதானே என்று நாம் தைரியமாகப் பரிமாறுவோம். ஆனால் சாம்பார், ரசம், முறுக்கு எல்லாவற்றிலும் போடுகிறோமே பெருங்காயத்தூள், அதில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், காட்டத்தைத் தணிக்கத்தான். ஒரு சிட்டிகைதானே, என்ன ஆகிவிடும் என்பீர்கள். சீலியாக் நோய் உள்ளவருக்குச் சிறிதளவு குளூட்டனே குடலைப் பாதிக்கப் போதும். அதற்காகப் பெருங்காயமே இல்லாமல் ரசம் வைத்துவிடாதீர்கள், அது வேறு அநியாயம்! கோதுமைக்குப் பதில் அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது. வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.